கட்டைவிரலுக்குக் கீழே ஒரு திருகு

மார்ச் 2

என் பத்தாம் நம்பர் ஸ்பானருக்கு,

பட்டம் புதிது, கோபித்துக்கொள்ளாதே. பட்டறையில் எல்லா ஸ்பானரும் ஆணியில் தொங்கும், எது வேண்டுமோ அந்தப் பத்தாம் நம்பர் மட்டும் இருக்காது. வீட்டில் இப்போது நீ அப்படி.

நான் சுகம். இடது முழங்கால் மட்டும் உன்னைப் போல, நான் சொன்னால் மடங்காது. நீ சுகமா? உன் தங்கையின் கை எப்படி இருக்கிறது? சவாரிக் கொட்டகைக்குப் போர்டு மாட்ட அவள் ஏன் ஏணியில் ஏறினாள், சகலை எங்கே போனான் என்றெல்லாம் நான் கேட்கவில்லை. கேட்டால் நீ என் மேல் ஏறுவாய்.

உங்கள் மலையில் போன் எடுக்காது என்பதால், பதினைந்து நாளுக்கு ஒருமுறை கடையிலிருந்து அங்கே போகும் உதிரிபாகப் பெட்டியில், ஏர் ஃபில்டருக்கும் பிரேக் கட்டைக்கும் நடுவே இதை வைக்கிறேன். பதிலும் அதே பெட்டியில் வரட்டும். கிரீஸ் வாசனை அடித்தால் அது என் வாசனைதான்.

கடையில் எப்போதும் போல. நேற்று ஒரு பல் டாக்டர் வந்து பட்டறை வாசலில் நின்று குதித்தார். "மூணு நாள்ல வண்டி ரெடின்னு சொன்னீங்க, பன்னெண்டு நாளாச்சு!" "சார், மூணு நாள்னு சொன்னது டை கட்டினவர். நான் பனியன்காரன்." திரும்பிப் பார்த்தால் டை கட்டின சேல்ஸ்காரர் காற்றில் கரைந்துவிட்டார். டாக்டர் போகிறபோது கருத்து நோட்டில் என்ன எழுதினார் தெரியுமா? சேல்ஸ்காரர் கனிவானவராம், பட்டறைதான் மோசமாம். இருபத்திரண்டு வருஷத்தில் அந்த நோட்டில் என்னைப் பற்றி மட்டும் வந்த ஒரே வரி, "கிரீஸ் கையால் சீட்டைத் தொட்டுவிட்டார்" என்பது.

ஒரு சேதி. சகலை மலைச் சவாரிக்கு ஆறு புது நாலு சக்கர வண்டிகள், பைக் மாதிரி கைப்பிடி வைத்தவை, நம் கடையில் ஆர்டர் எழுதியிருக்கிறான். தயார் செய்து அனுப்பப் போவது நான்தான்.

ஒரு மாதம் என்று சொல்லிப் போனாய். பத்து நாள் ஆகிவிட்டது. எப்போது வருகிறாய்?

இப்படிக்கு,
தனியாக டீ போட்டு, அதையும் ஆறவிட்டுக் குடிப்பவன்

மார்ச் 16

வீட்டில் இருக்கும் மெக்கானிக்குக்கு,

கட்டுப் போட்ட கையைத் தவிர இங்கே எல்லாம் நலம். டாக்டர் இன்னும் ஆறு வாரம் என்கிறார். உங்கள் முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுத்தீர்களா? கொடுத்திருக்க மாட்டீர்கள்.

தங்கை பார்த்த கவுண்டரை இப்போது நான் பார்க்கிறேன். தகரக் கொட்டகை, சுவர் முழுக்க ஆணியில் ஹெல்மெட்டுகள். வருகிறவர்களின் தலையைப் பார்த்து அளவு எடுத்துக் கொடுக்க வேண்டும். கண்ணாடிகளை வாளியில் முக்கித் துடைக்க வேண்டும். "விழுந்தால் நானே பொறுப்பு" என்ற தாளில் கையெழுத்து வாங்க வேண்டும். யாரும் படிக்காமல் போடுகிறார்களே என்று நானே உரக்கப் படித்துக் காட்டினேன். ஒரு பெரியவர் முழுதும் கேட்டுவிட்டு, "அப்ப நான் இந்த பெஞ்சுலயே உக்காந்துக்கறேன்மா" என்றார். அப்படி பெஞ்சில் தங்கிவிடுகிறவர்கள் தினமும் நாலைந்து பேர். குடும்பமே மண்ணில் கத்திக்கொண்டு திரிய, இவர்கள் பைகளுக்குக் காவல்.

தங்கை வீட்டுக்காரத் தம்பி வேலை செய்வதைப் பார்க்க வேண்டும். வந்தவர்களின் பூட்ஸ் கயிற்றை மண்டி போட்டுக் கட்டிவிடுகிறார். "பயமா இருக்கா? நல்லது. பயப்படறவங்க விழ மாட்டாங்க" என்று அவர் சொன்னதும் அவர்கள் முகம் தெளிந்துவிடுகிறது. வீட்டில் நான் போனில் படித்துக் காட்டுவேனே, சவாரிக்காரர்கள் எழுதும் பாராட்டு, அதெல்லாம் இங்கே நோட்டில் கையெழுத்தாக இருக்கிறது. "வழிகாட்டி எங்களை அவசரப்படுத்தவே இல்லை." "என் மகள் பள்ளத்தில் அழுதபோது தம்பி கூடவே உட்கார்ந்து கதை சொன்னார்." படிக்கப் படிக்க எனக்கே பெருமையாக இருக்கிறது.

என்னையும் ஒரு நாள் ஏற்றிவிடுகிறேன் என்று தம்பி சொல்லியிருக்கிறார். நீங்கள் கடையில் சேர்ந்த புதிதில், ஒரு சுற்று ஏற்றிப் போகச் சொல்லி உங்களிடம் கேட்டேன். "அது கஸ்டமர் வண்டி" என்றீர்கள். ஞாபகம் இருக்கிறதா?

வெந்நீர் ஒத்தடம்.

உங்கள் ஸ்பானர்

மார்ச் 30

என் பத்தாம் நம்பருக்கு,

நலம். நலமறிய ஆவல். ஒத்தடம் கொடுத்தேன், கை சுட்டது, முழங்கால் அப்படியே இருக்கிறது.

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். அதில் தம்பி வந்து வந்து போகிறார், என் முழங்கால் ஒரே ஒரு தடவைதான் வருகிறது. பயப்படுகிறவர்கள் விழ மாட்டார்களாமே! மாமனார் வீட்டில் கரப்பான்பூச்சி பறந்தபோது நாற்காலி மேல் ஏறி நின்றவர் யார் என்று உன் தம்பியிடம் கேள். அன்று செருப்பை எடுத்தவன் நான். அதை யாரும் எந்த நோட்டிலும் எழுதவில்லை.

பூட்ஸ் கயிறு கட்டுவது பெரிய வித்தையா? இங்கே நான் வண்டிக்கு அடியில் படுத்து, கண்ணில் சேறு விழ, ஒவ்வொரு போல்ட்டாக முடுக்குகிறேன். வண்டி ஓடினால் ஓட்டினவர் கெட்டிக்காரர், வழி காட்டினவர் நல்லவர். நின்றால் மட்டும் மெக்கானிக் யாரென்று தேடுவார்கள்.

போகட்டும். ஆறு வண்டியும் இந்தப் பெட்டியோடு பெரிய லாரியில் வருகின்றன. ஞாயிற்றுக்கிழமையும் வந்து நானே தயார் செய்தேன். வேறு யாரையும் கை வைக்க விடவில்லை. புதுசு என்பதால் கொஞ்சம் மந்தமாக இருக்கும். அவன் கேட்டால் புது வண்டி அப்படித்தான் என்று சொல்.

நீ அதில் ஏற வேண்டாம். விழுந்தால் அக்கா தங்கை இரண்டு பேருக்கும் ஒரே கட்டாகப் போட முடியாது.

எப்போது வருகிறாய்?

கரப்பான்பூச்சி அடித்தவன்

ஏப்ரல் 13

அன்புள்ளவருக்கு,

நலம். தங்கைக்குக் கட்டுக்குள் அரிக்கிறதாம், பின்னல் ஊசியை விட்டுச் சொறிந்துகொள்கிறாள். உங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கிண்டல் செய்ய மனமில்லை. வண்டிகள் ஓடவில்லை. ஓடுகின்றன, ஆனால் நடக்கிற மாதிரி. எவ்வளவு அழுத்தினாலும் அதே வேகம். கல்லூரிப் பிள்ளைகள் எட்டுப் பேர் பாதி வழியில் இறங்கி வந்துவிட்டார்கள். நோட்டில் "ஆமை சவாரி" என்று படம் வரைந்திருக்கிறார்கள். இன்னொருவர், "என் மாமியார் நடந்தே எங்களை முந்திவிட்டார், இனி வருஷம் முழுக்கச் சொல்லிக் காட்டுவார்" என்று எழுதியிருக்கிறார். பழைய வண்டிகள் ஏற்கெனவே கை மாறிவிட்டன. இந்த ஆறுதான் தம்பியின் பிழைப்பு.

போன புதன்கிழமை செங்குத்து மேட்டில் ஒரு வண்டி ஏற முடியாமல் பின்னால் சரிந்தது. வண்டியில் ஓர் அம்மா இருந்தார். தம்பி ஓடிப் போய்த் தோளைக் கொடுத்து நிறுத்தினார். அம்மாவுக்கு ஒன்றுமில்லை. தம்பிக்குத் தோள் முழுக்கக் கன்றிப் போய்விட்டது.

ப்ளக் மாற்றினார், ஃபில்டர் கழற்றினார், டேங்கைக் கூடக் கழுவினார். ஒன்றும் அகப்படவில்லை. "கடைக்கு எழுதிப் போடுங்க, கேக்கட்டும்" என்று தங்கை சொன்னாள். அவர் சொன்னதைக் கேட்டபடியே எழுதுகிறேன்: "எழுதினா அண்ணன் தலையிலதான் விழும். அண்ணன் கை பட்ட வண்டி. அதுல தப்பு இருக்காது. நம்ம மண்ணுலதான் ஏதோ இருக்கு."

என்ன செய்வது என்று உடனே எழுதுங்கள்.

உங்கள் மனைவி

ஏப்ரல் 27

என் பத்தாம் நம்பருக்கு,

நலம். அங்கே எல்லாரும் நலம்தானே? அந்த அம்மா நலம்தானே?

சகலையிடம் கவலைப்பட வேண்டாம் என்று சொல். புது எஞ்சின் பழக நாளாகும். நாலு பேர் திட்டினால் உடம்புக்கு நல்லது, நான் இருபத்திரண்டு வருஷமாகத் தினமும் ஒரு டம்ளர் குடிக்கிறேன், பார், எப்படி இருக்கிறேன்! எல்லாப் பக்கமும் புகழ்ச்சியாக இருந்தால் மனுஷனுக்குச் சளி பிடிக்கும்.

செங்குத்து மேட்டுக்குக் கொஞ்ச நாள் போக வேண்டாம் என்று சொல். இது சிரிப்புக்குச் சொல்வதில்லை. போக வேண்டாம்.

கைப்பிடிப் பக்கம் யாரும் எதையும் கழற்ற வேண்டாம். நேரம் கிடைக்கும்போது நானே வந்து பார்க்கிறேன். பெட்டியில் தைலம் இரண்டு பாட்டில் வைத்திருக்கிறேன். தங்கை கைக்கு.

ஆறு வாரம் முடியப் போகிறது. வீட்டில் மூன்றாவது நாற்காலியின் கால் ஆடுகிறது. நீ வந்து உட்கார்ந்து திட்டினால்தான் சரி செய்யத் தோன்றும். எப்போது வருகிறாய்?

நான்தான்

மே 25

என் பத்தாம் நம்பருக்கு,

நான் நலம். நீ நலமா என்று கேட்டால் பதில் சொல்ல ஆள் இருக்கிறதா?

இரண்டு பெட்டி திரும்பி வந்துவிட்டது, கடிதம் இல்லை. முதல் பெட்டியைக் கவிழ்த்துத் தட்டினேன். தேய்ந்த பிரேக் கட்டை ஒன்று விழுந்தது. இரண்டாவது பெட்டியில் அதுவும் இல்லை. சேல்ஸ்காரர் எட்டிப் பார்த்து, "என்னண்ணே, பெட்டிக்குள்ள தலையை விட்டுட்டு என்ன தேடுறீங்க?" என்றார். "உன் டை விழுந்துடுச்சுப்பா" என்று சொல்லி வைத்தேன்.

லாரி டிரைவரைப் பிடித்து விசாரித்தேன். அந்த மனுஷன் டீயைக் குடித்துக்கொண்டே, "உங்க வீட்டம்மாவா? அவங்களுக்கென்ன! ஹெல்மெட்டு மாட்டிக்கிட்டு வண்டியில போறாங்க. நான் ஹாரன் அடிச்சேன், கை காட்டினாங்க" என்கிறார்.

"யாரு கத்துக்குடுத்தா?"

"வேற யாரு, தம்பிதான். பக்கத்துலயே நடந்து வந்தாரே."

பக்கத்திலேயே நடந்து வந்தாராம்! இருபத்துநாலு வருஷமாக உன்னை பஸ்ஸில் ஏற்றியிருக்கிறேன், ஆட்டோவில் ஏற்றியிருக்கிறேன், ஒரு முறை மாடியிலிருந்து இறங்க மாட்டேன் என்ற அலமாரியோடு சேர்த்து வண்டியில் ஏற்றியிருக்கிறேன். ஒரே ஒரு தடவை இதில் ஏற்றவில்லை. அதற்கு இன்னொருத்தன் வர வேண்டுமா?

கை காட்டினாயாமே, டிரைவருக்கு. எனக்கு நாலு வரி எழுத அந்தக் கைக்கு வலிக்கிறதா?

கட்டு அவிழ்த்தாகிவிட்டது என்று டிரைவர் சொல்லித்தான் தெரிந்தது. அப்புறம் அங்கே என்ன வேலை? எப்போது வருகிறாய்?

பெட்டிக்குள் தலையை விட்டவன்

ஜூன் 8

அன்புள்ளவருக்கு,

இங்கே நலம். அங்கே நலமாக இருப்பீர்கள் என்று நினைக்கிறேன்.

நான் ஏறினேன். "அண்ணி, இது ஓடாது, நடக்கும், ஏறுங்க" என்று தம்பி சொன்னார். மெதுவாகப் போகிறது என்ற ஒரே தைரியத்தில்தான் ஏறினேன். கொட்டகையைச் சுற்றி இரண்டு சுற்று. அப்புறம் ஓடை வரை. திரும்பி வந்தபோது பெஞ்சில் இருந்த பெரியவர், "என்னையும் கூட்டிட்டுப் போறியாம்மா? உன் பின்னாலயே வர்றேன்" என்றார். கூட்டிக்கொண்டு போனேன்.

அன்று சாயங்காலம் சேற்றைத் துடைக்கும்போதுதான் பார்த்தேன். வலது கைப்பிடியில் கட்டைவிரலால் அழுத்தும் ஆக்சிலேட்டருக்குக் கீழே ஒரு சின்னத் திருகு. அதன் தலையில் மஞ்சள் பெயிண்டில் ஒரு பொட்டு.

நீங்கள் முடுக்கின போல்ட் எதுவானாலும் மேலே மஞ்சள் பொட்டு வைப்பீர்கள், நாளைக்கு எவனும் முடுக்கவில்லை என்று சொல்லக்கூடாது என்பதற்காக. நம் வீட்டுக் கட்டிலின் நாலு காலிலும் அந்தப் பொட்டு இருக்கிறது. ஆறு வண்டியையும் துடைத்துப் பார்த்தேன். ஆறிலும் பொட்டு.

ஒரு வண்டியில் திருகைத் தளர்த்திவிட்டு ஏறிப் பார்த்தேன். கொஞ்சம் அழுத்தியதற்கே பாய்ந்தது. வேகம் கூடாமல் தடுக்கிற திருகு அது என்று அப்போது புரிந்தது. பழைய வண்டிகளில் அது கிடையாது, அதனால் தம்பிக்குத் தெரியவில்லை. உங்களுக்குத் தெரியும். திருகை முழுதும் உள்ளே முடுக்கிவிட்டு, ஒரு வார்த்தை எழுதாமல் அனுப்பியிருக்கிறீர்கள். அந்த அம்மாவின் வண்டி மேட்டில் சரிந்தது. தம்பியின் தோளில் இன்னும் கறுப்பு மறையவில்லை. தங்கை கைக்கு என்று சொல்லி நீங்கள் அனுப்பின தைலத்தை அவர் தோளில்தான் தேய்த்தோம். அது யாருக்காக வந்தது என்று அப்போதே எனக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

ஐந்து வண்டிகளைத் தளர்த்திவிட்டேன். இப்போது பாய்கின்றன. பெஞ்சுக்காரர்களுக்காக ஒன்றை அப்படியே விட்டிருக்கிறேன். மண் அடைத்திருந்தது, தட்டிவிட்டேன் என்று தம்பியிடம் சொன்னேன். உங்களுக்காக நான் சொன்ன முதல் பொய் இது இல்லை. சொல்லும்போது முகம் சுட்டது இதற்குத்தான்.

ஏன் என்று நான் கேட்கவில்லை. நீங்களாக எழுதினால் படிக்கிறேன். அதுவரைக்கும் எப்போது வருகிறாய் என்று மட்டும் எழுதாதீர்கள்.

உங்கள் மனைவி

ஜூன் 8

மதிப்புக்குரிய அண்ணனுக்கு,

நாங்கள் அனைவரும் நலம். உங்கள் முழங்கால் பரவாயில்லையா? அண்ணி தினமும் அதைப் பற்றிப் பேசுவார். இரண்டு வாரமாகப் பேசவில்லை, அதனால் குணமாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

நல்ல சேதி. வண்டிகள் சரியாகிவிட்டன! நான் ஒரு மாதம் மண்டையைப் பிய்த்துக்கொண்டேன். அண்ணி ஒரு சாயங்காலம் துணியும் திருப்புளியுமாக உட்கார்ந்து சரி செய்துவிட்டார். "எப்படி அண்ணி?" என்றால், "மண்ணு அடைச்சிருந்துச்சு, தட்டிவிட்டேன். மெக்கானிக் வீட்டுல குப்பை கொட்டறவளுக்கு இது கூடத் தெரியாதா" என்று மட்டும் சொன்னார். நீங்கள் கற்றுக்கொடுத்ததாகத்தான் இருக்கும். உண்மையைச் சொல்கிறேன், அண்ணே, ஒரு கட்டத்தில் எனக்கே உங்கள் மேல் சந்தேகம் வந்தது. அதற்கு மன்னிக்க வேண்டும்.

போன ஞாயிற்றுக்கிழமை வந்தவர்கள் நோட்டில், "இந்த வண்டிகளைத் தயார் செய்த மெக்கானிக் யாரோ, அவருக்கு எங்கள் நன்றி" என்று எழுதியிருக்கிறார்கள். உங்களுக்குக் காட்ட வேண்டும் என்று அந்தப் பக்கத்தையே கிழித்து இதோடு வைத்திருக்கிறேன். கொட்டகை போர்டிலும் "வண்டிகளுக்குப் பொறுப்பு: எங்கள் அண்ணன்" என்று எழுதச் சொல்லியிருக்கிறேன். உங்கள் சம்மதம் வேண்டும்.

அன்புடன்,
உங்கள் சகலை

ஜூன் 22

சகலைக்கு,

வீட்டில் எல்லாரும் நலமா? தோள் நலமா? நான் நலம் என்று எழுதினால் அது ஒன்றுதான் இந்தக் கடிதத்தில் பொய்யாக இருக்கும்.

போர்டில் என் பேச்சே வேண்டாம். மண் அடைத்தது என்று உன் அண்ணி சொன்னது என்னைக் காப்பாற்ற. ஆக்சிலேட்டருக்குக் கீழே ஒரு திருகு இருக்கிறது. ஆறு வண்டியிலும் அதை முழுதும் முடுக்கினவன் நான். கை தவறி அல்ல. ஞாயிற்றுக்கிழமை, கடையில் யாரும் இல்லாதபோது, ஒவ்வொன்றாக. முடுக்கிவிட்டுப் பழக்க தோஷத்தில் மேலே பொட்டும் வைத்தேன். திருடப் போனவன் வீட்டு விலாசத்தை எழுதி வைத்துவிட்டு வந்த மாதிரி.

ஏன் என்று நீ கேட்பாய். கேட்க உனக்கு உரிமை இருக்கிறது. நான் வேலை முடிந்து, கை கழுவிக்கொண்டு சாப்பிட உட்காருவேன். உன் அண்ணி போனை எடுத்து வைத்துக்கொண்டு உன் சவாரிக்காரர்கள் எழுதினதைப் படிப்பாள். நீ அவசரப்படுத்தவில்லையாம், நீ கதை சொன்னாயாம். அவர்கள் உன்னைப் புகழ்ந்தால் எனக்கென்ன? ஆனால் படிக்கும்போது அவள் முகம் ஒரு மாதிரி மலரும். அந்த முகத்தை நான் ரொம்ப நாளாகப் பார்க்கவில்லை. அது வருகிறது, என் எதிரில்தான் வருகிறது, ஆனால் எனக்காக இல்லை. எனக்கு வயிறு எரிந்தது. சாப்பாட்டைச் சாப்பிட்டுக்கொண்டே எரிந்தது. நாலு பேர் உன்னைத் திட்டி எழுதட்டும், அதையும் அவள் ஒரு நாள் படிக்கட்டும் என்று நினைத்தேன். அவ்வளவுதான் என் புத்தி போனது. மேடு இருக்கிறது, வண்டி சரியும், மேலே ஒருவர் இருப்பார் என்று ஒரு மெக்கானிக்குத் தோன்றியிருக்க வேண்டும். பொறாமை பிடித்தவனுக்குத் தோன்றவில்லை.

தெரிந்த பிறகும் சொல்லாமல் தைலம் அனுப்பினேன். அதுதான் முன்னதை விட மோசம்.

நீ அனுப்பின தாளை நாலு நாள் சட்டைப் பையில் வைத்திருந்தேன். யார் பார்த்தார்கள், வைத்துக்கொள்ளலாமே என்று கூட நினைத்தேன். இதோடு திருப்பி வைத்திருக்கிறேன். நோட்டிலேயே ஒட்டிவிடு. கடைக்கு எழுத வேண்டும் என்றால் எழுது. நான் மறுக்க மாட்டேன்.

உன் அண்ணி உன்னிடம் மறைத்தாள் என்று அவளைக் கோபித்துக்கொள்ளாதே. அது அவள் குற்றமல்ல.

சகலை என்று எழுதிக்கொள்ள இன்னும் இடமிருந்தால்,
சகலை

ஜூலை 6

அன்புள்ள உனக்கு,

நலம். நலமறிய ஆவல். இந்தத் தடவை அந்தக் கேள்வியை எழுதமாட்டேன், பயப்படாதே.

சகலை கடைக்கு வந்தான். வியாழக்கிழமை, காலையில். நான் வண்டிக்கு அடியில் படுத்திருந்தேன். முதலில் பூட்ஸ் தெரிந்தது. சேறு பார்த்தே உங்கள் மலை என்று தெரிந்துகொண்டேன். நான் எழுந்து நிற்பதற்குள் அவன் நேராகக் கவுண்டருக்குப் போய்விட்டான்.

சேல்ஸ்காரர் பல்லெல்லாம் காட்டி, "வாங்க சார், அடுத்த ஆறு வண்டியா?" என்றார்.

"கருத்து நோட்டைக் குடுங்க."

நின்றபடியே எழுதினான். பேனாவை இரண்டு தடவை எடுத்தான், வைத்தான். நான் பட்டறைக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இருபத்திரண்டு வருஷம் முடிந்தது என்றுதான் நினைத்தேன். எழுதி முடித்ததும் என் பக்கம் வந்தான். கை நீட்டலாமா என்று பார்த்தேன், என் கையில் கிரீஸ். அவன் கையும் நீளவில்லை.

"அந்த அம்மாவுக்கு அறுபத்தோரு வயசுண்ணே" என்றான்.

"தெரியலப்பா."

"நீங்க என்கிட்ட சண்டை போட்டிருக்கலாம். சட்டையைப் பிடிச்சிருக்கலாம். நான் அண்ணன்னு வாங்கிக்கிட்டிருப்பேன்."

நான் துணியை எடுத்துக் கையில் இருந்த கிரீஸைத் துடைத்தேன். அவன் போய்விட்டான்.

நோட்டை முதலாளி எனக்கு முன்னால் படித்துவிட்டார். சகலை எழுதினது இதுதான்: "வண்டிகளைத் தயார் செய்த மெக்கானிக் வேண்டுமென்றே ஒரு தவறு செய்தார். அதனால் ஒருவர் விழ இருந்தார். பிறகு யாரும் கண்டுபிடிக்காத நிலையில் அவரே எழுதி ஒப்புக்கொண்டார். தாமதமாக."

முதலாளி என்னைக் கூப்பிட்டுக் கேட்டார். ஆமாம் என்றேன். இரண்டு மாதத்துக்குப் புது வண்டிகளைத் தொடக்கூடாது, கழுவுமிடத்தில்தான் வேலை. அனுப்பிவிடுவார் என்று நினைத்தேன், அனுப்பவில்லை. "யாரும் கண்டுபிடிக்காத நிலையில்" என்று அவன் எழுதியிருக்கிறானே, அது சரியில்லை. நீ கண்டுபிடித்தாய். அவனுக்கும் அது தெரியும். தெரிந்தே உன்னை அதற்குள் கொண்டுவராமல் விட்டிருக்கிறான். இதைப் படித்தபோதும் கொஞ்சம் பொறாமையாகத்தான் இருந்தது, இவ்வளவு நல்லவனாக இருக்க இவனுக்கு யார் கற்றுக்கொடுத்தது என்று. புத்தி அவ்வளவு சீக்கிரம் மாறாது போலிருக்கிறது.

இப்போது குழாயும் கையுமாக வண்டி கழுவுகிறேன். முழங்காலுக்கு ஈரம் ஆகவில்லை. சொல்லிக் காட்டுவதற்காக எழுதவில்லை, நீ கேட்பாய் என்பதால்.

உன் கணவன்

ஆகஸ்ட் 17

ஈரக் காலோடு நிற்பவருக்கு,

நலம். வேலை முடிந்ததும் காலைத் துடைத்து, உலர்ந்த துணி சுற்றிக்கொள்ளுங்கள். தைலம் மிச்சமிருந்ததை அனுப்பியிருக்கிறேன். இந்தத் தடவை அது உங்கள் முழங்காலுக்குத்தான்.

போன ஞாயிற்றுக்கிழமை லாரியில் டிரைவர் பக்கத்தில் நீங்கள் உட்கார்ந்து வந்து இறங்கியதை நான் கவுண்டரிலிருந்து பார்த்தேன். எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை, அதனால் ஹெல்மெட் எடுத்தேன். எல்லாரையும் போலத் தாளைப் படித்துக் காட்டினேன். நீங்கள் கேலி செய்யாமல் கேட்டீர்கள். "விழுந்தால் நானே பொறுப்பு" என்ற இடத்தில் தலையை ஆட்டினீர்கள். தங்கை உள்ளே போய்விட்டாள். சிரிக்கவா அழவா என்று அவளுக்கே தெரியவில்லையாம்.

தம்பி உங்களோடு பேசவில்லை. பேசுவார். உங்கள் கடிதத்தைப் படித்த இரண்டு நாளும் அவர் ஆறு வண்டியையும் திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தார். மூன்றாம் நாள் "அண்ணி, உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?" என்று மட்டும் கேட்டார். தெரியும் என்றேன். "சரி, சாப்பிடுங்க" என்றார். உங்கள் பூட்ஸ் கயிற்றை அவர் மண்டி போட்டுக் கட்டினாரே, அப்போது உங்கள் முகம் போன போக்கைப் பார்த்தேன். அவர் எல்லாருக்கும் கட்டுவார். உங்களை மட்டும் விட்டிருந்தால்தான் நீங்கள் வருத்தப்பட வேண்டும்.

பெஞ்சுக்காரர்களை இப்போது நான்தான் கூட்டிக்கொண்டு போகிறேன். அன்று வரிசையில் எனக்குப் பின்னால் ஒரு தையல்காரப் பெரியவர், அவருக்குப் பின்னால் கண்ணாடி போட்ட டீச்சர், கடைசியில் நீங்கள். ஓடைக்கு முன்னால் நிறுத்தி, டீச்சரின் கையைப் பிடித்து நான் தைரியம் சொன்னபோது, பின்னாலிருந்து ஒரு செருமல் கேட்டது. பெரியவரின் ஹெல்மெட் வாரைச் சரி செய்தபோது இன்னொரு செருமல். உங்கள் வாரும் அவிழ்ந்திருந்தது என்று பிறகுதான் சொன்னீர்கள். அது தானாக அவிழ்ந்ததா, நீங்கள் அவிழ்த்ததா என்று நான் கேட்கவில்லை.

இறங்கினதும் டீச்சர் உங்களிடம், "இந்த அம்மா இல்லேன்னா நான் இன்னும் பெஞ்சுலதான் இருந்திருப்பேன்" என்றார். "என் வீட்டுக்காரி" என்றீர்கள் நீங்கள். சொன்னவிதம் எனக்குப் பிடித்திருந்தது. அதில் கொஞ்சம் எரிச்சலும் இருந்தது. அதுவும் பிடித்திருந்தது.

லாரி புறப்படும் வரை காத்திருந்தேன். எப்போது வருகிறாய் என்று நீங்கள் கேட்கவே இல்லை. ஏறி உட்கார்ந்து, கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, நேராகப் பார்த்துக்கொண்டே போய்விட்டீர்கள். அதனால் சொல்கிறேன்.

புதன்கிழமை வருகிறேன். மூன்று நாள் இருப்பேன். சனிக்கிழமை காலை இங்கே எட்டுப் பேர் என் பெயரைச் சொல்லி எழுதி வைத்திருக்கிறார்கள், எல்லாரும் பயந்தவர்கள், அவர்களை வேறு யாரிடமும் விட முடியாது. அடுத்த மாதமும் இப்படித்தான், அதற்கடுத்த மாதமும். மூன்று நாளும் அந்த எட்டுப் பேரைப் பற்றித்தான் பேசுவேன். சாப்பிட்டுக்கொண்டே கேளுங்கள்.

உங்கள் வீட்டுக்காரி